வாசலில் நின்று ‘ஹோடி’ என்று கூப்பிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன ஆண்டு ஆடி மாதம் தான்சானியா நாட்டின் உசாம்பரா மலையில், லுஷோட்டோ ஊரில் தொடங்கி ம்தாயே வரைக்கும், ஒரு உள்ளூர் வழிகாட்டியோடு மூன்று பகல் நடந்து இரண்டு இரவு கிராமங்களில் தங்கியதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வடாற்காடு முழுவதிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்ததை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு என் மகன் நானும் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஆப்பிரிக்கக் காட்டில் ராத்திரி தங்குவது என்றால் பெற்ற வயிறு பதறாதா? சிங்கம், புலி, திருடன் எதற்குமே பயமில்லையா?
– ஒரு தாய், ஆற்காடு

பதில்: அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, என் அம்மாவும் இதையேதான் கேட்டார். ராத்திரியில் யாரும் நடப்பதில்லை. காலையில் கிளம்பி ஐந்து, ஆறு மணி நேரம் நடந்து, இருட்டுவதற்கு முன்னால் ஒரு கிராமத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். வழிகாட்டி இதில் கண்டிப்பாக இருப்பார். புலி ஆப்பிரிக்காவிலேயே கிடையாது. சிங்கமும் யானையும் மலைக்குக் கீழே வடக்கே இருக்கும் ம்கோமாஸி தேசியப் பூங்காவின் சமவெளியில் உண்டு. நாம் நடக்கும் மேட்டிலோ நெருக்கமாக ஊர்கள், சரிவெல்லாம் முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, வாழை. பாதையில் நாம் பார்க்கும் பெரிய விலங்கு மாடுதான். மகம்பா காட்டுக்குள் நுழைந்தால் கறுப்பு வெள்ளை முடியோடு தோகை மாதிரி வால் தொங்கும் கொலோபஸ் குரங்குகள் மரத்தில் தாவும், அதிர்ஷ்டம் இருந்தால் மூக்கில் கொம்புள்ள பச்சோந்தி ஒன்றை வழிகாட்டி இலைக்குள்ளிருந்து கண்டுபிடித்துக் காட்டுவார்.

திருட்டு என்றால், தாருஸ்ஸலாம் நகரத்துப் பேருந்து நிலையத்தில் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கோயம்பேட்டில் சொல்வது போலத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஆப்பிரிக்காவா?’ என்று நாம் முகம் சுளிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது 54 நாடுகள் உள்ள ஒரு கண்டம், ஒரே காடு இல்லை. காட்பாடிப் பக்கம் படிக்க வந்த ஆப்பிரிக்கப் பிள்ளைகள் வாடகைக்கு வீடு கேட்டு ஏறி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன், நிறத்தைப் பார்த்தே கதவைச் சாத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலோ மொழி தெரியாத என்னை அடுப்படியில் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். உங்கள் மகன் போகட்டும் அம்மா.

கேள்வி: வழிகாட்டி இல்லாமல் செல்போன் வரைபடத்தை வைத்துக்கொண்டே போக முடியாதா? பணம் மிச்சமாகுமே.
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: வழியைக் கண்டுபிடிக்க முடியலாம். ஆனால் அங்கே வழிகாட்டியின் முதல் வேலை வழி காட்டுவது இல்லை. நம்மூரில் ஒரு புது ஆள் வயல் வரப்பில் நடந்து போனால் ‘யாரு, எந்த ஊரு, யார் வீட்டுக்கு?’ என்று கேட்போம் இல்லையா, அந்தக் கேள்விக்கு அங்கே நமக்காகப் பதில் சொல்கிறவர் அவர். என்னோடு வந்தவர் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் நின்று, எதிரே வருகிற பெரியவரிடம் குசலம் விசாரித்து, என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லி, அவர் தலையசைத்த பிறகுதான் நகர்ந்தார். முதல் நாள் எனக்கு இது நேர விரயமாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டபோது, முன்பின் தெரியாத ஒரு வீட்டுத் திண்ணையில் எங்களுக்கு இடமும் டீயும் கிடைத்தது அந்தக் குசல விசாரிப்பால்தான்.

யாரை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். லுஷோட்டோவில் பேருந்தை விட்டு இறங்கியதும் ஒரு ஆள் ‘ஆபீஸிலிருந்து உங்களுக்காக அனுப்பினார்கள்’ என்று வந்து நின்றார். களைப்பில் நம்பி முன்பணம் கொடுத்தேன், மறுநாள் காலை அவர் வரவே இல்லை. அதனால் ரோட்டில் பேசி முடிக்காதீர்கள். 1990-களில் நெதர்லாந்து உதவியோடு தான்சானியாவில் பண்பாட்டுச் சுற்றுலா என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள், கிராமத்து மக்களே சுற்றுலாவை நடத்தி அந்த வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுக் காரியத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் எண்ணம், லுஷோட்டோவும் அதில் ஒன்று. ஊருக்குள் வழிகாட்டிகளின் அலுவலகம் இருக்கிறது. நேராக அங்கே போய், அடையாள அட்டை பார்த்து, ரசீது வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். மகம்பா காப்புக்காட்டு நுழைவுக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தானா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: நாங்கள் படுக்கிற வீட்டுக்கு இதில் எவ்வளவு போகிறது? இதற்கு நேராகப் பதில் சொல்கிறவரோடு போங்கள். இரண்டு பேரிடம் விலை கேட்டுவிட்டுக் குறைவாகச் சொன்னவரிடம் போகாதீர்கள், அந்தக் குறைவு பெரும்பாலும் சமைத்துப் போடுகிற பெண்ணின் கையிலிருந்துதான் போகும்.

கேள்வி: அக்கா, மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? நாலு வார்த்தை கற்றுக்கொடுங்கள்.
– ஒரு கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: நாலு என்ன தம்பி, ஆசையாகப் பத்தே சொல்கிறேன். மலையில் சம்பா மக்களுக்குச் சொந்த மொழி கிஷம்பா, ஆனால் சுவாஹிலி எல்லோருக்கும் தெரியும். பெரியவர்களைப் பார்த்தால் ‘ஷிகாமோ’ என்று சொல்ல வேண்டும், கும்பிடுகிறேன் என்பது போல. அவர்கள் ‘மராஹபா’ என்று ஏற்றுக்கொள்வார்கள். இதைச் சொல்லாமல் ஒரு பாட்டியைக் கடந்து போய்விடாதே. சம வயதினரிடம் ‘ஹபாரி’ என்றால் என்ன சேதி, ‘ந்சூரி’ என்றால் நல்ல சேதி. நன்றிக்கு ‘அசந்தே’. வீட்டு வாசலில் நின்று ‘ஹோடி’ என்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளிருந்து ‘கரிபு’ என்று வரும் வரைக்கும் காலை உள்ளே வைக்கக் கூடாது. நம் கிராமத்தில் ‘வீட்ல யாருங்க’ என்று கேட்போமே, அதேதான். அப்புறம் ‘போலே’. சுமை தூக்கி வருகிறவர், களை எடுக்கிறவர், வழுக்கி விழுந்தவர் எல்லோரிடமும் இதைச் சொல்கிறார்கள். உன் சிரமம் எனக்குத் தெரிகிறது என்று பொருள். தமிழில் இதற்கு நேராக ஒரு சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. இதையே இரண்டு முறை ‘போலே போலே’ என்றால் மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம் மாறிவிடும்.

உறவுப் பெயரில் கொஞ்சம் குழப்பம் வரும். ‘மாமா’ என்றால் அங்கே அம்மா. பிள்ளை பெற்ற பெண்ணை மூத்த பிள்ளையின் பெயர் சேர்த்து மாமா இன்னார் என்று கூப்பிடுகிறார்கள், நம் தெருவில் ‘குமார் அம்மா’ என்கிற மாதிரி. ‘பாபா’ அப்பா, ‘காகா’ அண்ணன், ‘டாடா’ அக்கா. மூன்று நாளும் நான் டாடாதான்.

மணி சொல்கிற விதத்தை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள். சுவாஹிலியில் நாள் விடியற்காலையில் தொடங்குகிறது. காலை ஏழுதான் அவர்களுக்கு ஒரு மணி, ‘சா மோஜா’. எட்டு என்றால் இரண்டு மணி. நம் முன்னோர்கள் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது போல. இரண்டாம் நாள் ‘சா மோஜா’ கிளம்பலாம் என்று வழிகாட்டி சொன்னதை மத்தியானம் ஒரு மணி என்று எடுத்துக்கொண்டு நான் துணி துவைக்க உட்கார்ந்துவிட்டேன், அவர் ஏழு மணிக்கே பையோடு வாசலில் வந்து நின்றார். கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது, கடைசி ஏற்றம் அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாகப் போயிற்று.

கேள்வி: நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: பட்டினியா! நீங்கள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவீர்கள். ‘சிலி ந்யாமா’ என்றால் நான் கறி சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம், வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘மஹராகே’ என்று பீன்ஸ் விதைக் குழம்பு, ‘ம்சிச்சா’ என்று ஒரு கீரை. அந்தக் கீரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நம் தண்டுக்கீரையின் குடும்பமேதான், வெங்காயம் தக்காளி போட்டு வதக்குகிறார்கள். கூடவே ‘உகாலி’. கொதிக்கிற தண்ணீரில் மக்காச்சோள மாவைப் போட்டுத் துடுப்பால் கிண்டிக் கிண்டி, கட்டி தட்டாமல் இறுக்கி, தட்டில் கவிழ்ப்பார்கள். கையால் கிள்ளி உருட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி செய்து, அதில் கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். களி தின்று வளர்ந்த வடாற்காட்டுக் கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் உருட்டிய விதத்தைப் பார்த்து அந்த வீட்டு அம்மா வழிகாட்டியிடம் என்னவோ கேட்டார். ‘இவர்கள் ஊரிலும் உகாலி உண்டா என்று கேட்கிறார்’ என்றார் அவர்.

உண்டு, அதுவும் அவர்கள் கொடுத்ததுதான். நாம் நம்முடையது என்று நினைக்கிற கேழ்வரகு முதலில் பயிரானது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில், எத்தியோப்பியா, உகாண்டா பக்கம். மிகப் பழைய காலத்திலேயே கடல் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்தது. சோளமும் கம்பும்கூட ஆப்பிரிக்கப் பயிர்கள்தான். மக்காச்சோளம் அங்கே போனது அமெரிக்காக் கண்டத்திலிருந்து, போர்ச்சுகீசியர் வந்த பிறகு. அதற்கு முன்னால் அந்த மக்களும் கேழ்வரகும் சோளமும்தான் கிண்டினார்கள். இன்றைக்கும் கேழ்வரகுக்கு அங்கே ‘உலெஸி’ என்று பெயர், அதில் காய்ச்சும் கஞ்சி ‘ஊஜி’. காலையில் ஒரு குவளை ஊஜி கொடுத்தார்கள். கொஞ்சம் சர்க்கரை போட்டிருந்தது, மோர் இல்லை, சின்ன வெங்காயம் இல்லை, ஆனாலும் நாக்குக்கு அது ஆடிக் கூழ்தான். ஆடி வெள்ளியில் நம் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அந்தத் தானியம் பிறந்த பக்கத்து மண்ணில் உட்கார்ந்து அதையே குடித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன.

தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்தது அல்லது பாட்டில் தண்ணீர். டீ இஞ்சி தட்டிப் போட்டு நன்றாக இருக்கும். ஊறுகாய் எடுத்துப் போங்கள், ஆனால் பிளாஸ்டிக் கவரில் சுற்றாதீர்கள்: 2019 ஜூன் 1 முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்குத் தடை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும்தான். பாட்டிலிலோ டப்பாவிலோ போட்டுத் துணிப்பையில் வையுங்கள்.

கேள்வி: நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். அந்த மலைக்கு எந்த மாதிரி ஷூ சரிப்படும்?
– ஒரு தொழிலாளி, ஆம்பூர்

பதில்: உங்களுக்கு நான் சொல்லித்தருவதா! இருந்தாலும் பாதையைச் சொல்கிறேன், முடிவு நீங்கள் செய்யுங்கள். செம்மண். காய்ந்திருந்தால் பொடி, நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். இறக்கங்கள் நீளம், முன்விரல்கள் ஷூ நுனியில் இடித்துக்கொண்டே போகும். எனவே ஒரு அளவு பெரியதாக, அடியில் ஆழமான பல் உள்ளதாக, கணுக்காலைப் பிடிப்பதாக வேண்டும். புது ஷூவோடு போய் முதல் நாளே இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வாங்கிக்கொண்டேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அதைப் போட்டுக்கொண்டு பாலமதி மலை ஏறி இறங்குங்கள், வள்ளிமலைப் படியும் நல்ல பயிற்சி. வேலூர்க் கோட்டையைச் சுற்றித் தட்டையாக நடப்பது போதாது.

உள்ளூர்ப் பெண்கள் தலையில் விறகுக் கட்டோடு ரப்பர் செருப்பில் எங்களைத் தாண்டிப் போனார்கள். சிலருக்கு அதுவும் இல்லை.

கேள்வி: நானும் தோழியும் மட்டும் போகலாமா? பெண்களுக்குப் பாதுகாப்பா? குளியல், கழிவறை எல்லாம் எப்படி?
– இரண்டு மாணவிகள், வேலூர்

பதில்: போகலாம், நான் தனியாகத்தான் போனேன். மலையில் முஸ்லிம்கள் அதிகம், கிறிஸ்தவர்களும் உண்டு, இரண்டு பேருமே மூடி உடுத்துகிறவர்கள். தளர்வான சுடிதார் போதும், துப்பட்டா நிறைய உதவும். ‘கங்கா’ என்று ஒரு பருத்தித் துணி, ஓரத்தில் பழமொழி அச்சடித்திருக்கும். லுஷோட்டோ சந்தையில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இடுப்பில் சுற்ற, குளித்துவிட்டுக் கட்ட, குளிருக்குப் போர்த்த, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. முதல் இரவு லுகோஸி பக்கம் ஒரு வீட்டில் படுத்தேன், இரண்டாம் இரவு ராங்வியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி. ராங்வியில் படுக்கை அவ்வளவு சுத்தம், தோட்டம் முழுக்கப் பூ. முதல் முறை போகிற பெண்கள் அந்த விடுதியை வைத்தே பயணத்தை அமைத்துக்கொள்ளச் சொல்லி வழிகாட்டி அலுவலகத்தில் கேளுங்கள்.

வீடுகளில் கழிவறை குழிதான், ‘சோ’ என்பார்கள். ராத்திரி போக டார்ச் வேண்டும். குளிக்க ஒரு வாளி வெந்நீர், ‘மாஜி யா மோட்டோ’. விறகு வெட்டி, தண்ணீர் சுமந்து வந்து காய வைத்த வெந்நீர் அது, ஒரு வாளிக்கு மேல் கேட்காதீர்கள். மாதவிடாய் நாளாக இருந்தால் பயன்படுத்தியதைப் பொட்டலம் கட்டி நகரம் வரைக்கும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், கிராமத்தில் அதைப் போட இடமில்லை. அடுத்த கடிதத்தில் இதைக் கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிட்டேன்.

கேள்வி: எனக்கு 63 வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, மருந்தில் கட்டுக்குள் இருக்கிறது. நான் நடக்கலாமா? என்னென்ன ஊசி போட வேண்டும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், காட்பாடி

பதில்: ஐயா, உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். லுஷோட்டோ சுமார் 1,400 மீட்டர், நம் ஏற்காடு, ஏலகிரி வகைதான், அதற்கு மேலே போனாலும் மூச்சு முட்டுகிற உயரம் இல்லை. சிரமம் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. மூன்று நாள் வேண்டாம், ஒரு இரவு மட்டும் தங்கித் திரும்பும் நடையைக் கேளுங்கள், அப்படியும் வைத்திருக்கிறார்கள். சாப்பாடு பெரும்பாலும் மாவுச்சத்து, நடையோ நிறைய. சர்க்கரை ஏறவும் செய்யும், சட்டென்று இறங்கவும் செய்யும். பையில் கடலைமிட்டாய், குளுக்கோஸ் இரண்டும் இருக்கட்டும், மாத்திரையை இரண்டு பையில் பிரித்து வையுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை, எங்காவது மாறித்தான் போக வேண்டும். மாறும் இடம் கென்யா, எத்தியோப்பியா போல அந்தக் காய்ச்சல் உள்ள நாடாகி, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தான்சானியாவில் சான்றிதழ் கேட்பார்கள். திரும்பி வரும்போது நம் நாட்டுக்காரர்கள் இன்னும் கண்டிப்பு. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரைக்கும் தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் ஐயா, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து கூடுதல். நீங்களாகப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டாம், மருத்துவரிடம் கேட்டு, ஊசி தேவைப்படாத வழியில் விமானச் சீட்டு எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். மலேரியா மாத்திரையும் அவரிடமே கேளுங்கள். மலையில் குளிர் என்பதால் கொசு குறைவு, கீழே மொம்போவிலும் தாருஸ்ஸலாமிலும் அப்படி இல்லை.

கேள்வி: எந்த மாதம் நல்லது?
– பலர்

பதில்: ஜூன் முதல் செப்டம்பர். மார்ச் முதல் மே வரை பெருமழை, அப்போது வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. ஆடியில் வேலூர் வெயிலிலிருந்து போய் இறங்கினால் ராத்திரிக் குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் எடுங்கள். ஆடியில் அங்கே எப்படி மழை பிடித்தது என்று கேட்காதீர்கள், மலை மழைக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

கேள்வி: ஆன்ட்டி, ராத்திரியில் டிவி, கரண்ட் எதுவும் இல்லாமல் என்ன செய்தீர்கள்?
– ஏழாம் வகுப்பு மாணவி, வாணியம்பாடி

பதில்: கதை கேட்டேன் கண்ணு. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து வழிகாட்டி மாமா சொன்ன கதையை உனக்கும் சொல்கிறேன். ம்பேகா என்று ஒரு வேட்டைக்காரன். குழந்தையில் அவனுக்கு மேல்பல் முதலில் முளைத்ததாம், அது அபசகுனம் என்று சொந்தக்காரர்கள் அவனுக்குச் சொத்தில் பங்கு கொடுக்காமல் ஒதுக்கிவிட்டார்கள். அவன் நாய்களோடு காடு காடாகத் திரிந்து இந்த மலைக்கு வந்தான். இங்கே காட்டுப்பன்றிகள் பயிரையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தன. அவன் பன்றிகளை வேட்டையாடி, கறியை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்து, ஊர் வழக்குகளைத் தீர்த்துவைத்தான். வூகா என்ற ஊர் மக்கள் அவனையே ராஜாவாக்கிவிட்டார்கள். சம்பா அரசர்களின் வம்சம் அவனிடமிருந்து தொடங்குகிறது, அந்த ராஜாக்களுக்குச் சிங்கம் என்று பட்டம். பங்கு கிடைக்காதவன் எல்லோருக்கும் பங்கு கொடுத்து ராஜா ஆனான் என்பதை அந்த மாமா இரண்டு முறை சொன்னார்.

அப்புறம் வெளியே வந்து வானம் பார்த்தோம். நம் ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி இருக்கிறதே, அங்கே நின்றால் வடக்கே தாழ்வாகத் துருவ நட்சத்திரம் தெரியும். லுஷோட்டோவில் அது தெரியவே தெரியாது, பூமத்திய ரேகைக்குத் தெற்கே போய்விட்டோம் இல்லையா. அதற்குப் பதில் தெற்கே சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது, தலைக்கு மேலே விருச்சிகம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

கேள்வி: குழந்தைகளுக்குப் பேனா, சாக்லேட், பழைய துணி எடுத்துப் போனால் புண்ணியம்தானே? போட்டோ எடுக்கலாமா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: எடுத்துப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு ஊரைத் தாண்டும்போது ‘பிபி, பிபி’ என்று பிள்ளைகள் ஓடிவந்தார்கள், மிட்டாய் கேட்கிறார்கள். நமக்கு முன்னால் போன யாரோ பழக்கிவிட்ட ஓட்டம் அது. எங்கள் வழிகாட்டி முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். நம் தெருப் பிள்ளைகள் வெள்ளைக்காரர் பின்னால் கையேந்தி ஓடினால் நமக்கு எப்படி இருக்கும்? ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வழிகாட்டியைக் கேட்டு, தங்கின வீட்டில் கொடுங்கள், விருந்துக்குப் போகிற வீட்டுக்குப் பழம் வாங்கிப் போவது போல. நான் ஒரு கிலோ சர்க்கரையும் டீத்தூளும் வாங்கிப் போனேன், அந்த அம்மா எனக்குத் திருப்பிக் கட்டிக்கொடுத்தது ஒரு மடி பிளம்ஸ் பழம்.

போட்டோ கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அவ்வளவு தூரம் போக எங்களுக்கு வசதி இல்லை. ஜவ்வாது மலையிலேயே இதே போல ஊர் ஊராக நடத்தி, வீட்டில் தங்க வைக்கலாமே? நாங்கள் நாலு பேர் யோசிக்கிறோம்.
– ஓர் இளைஞர், ஜமுனாமரத்தூர்

பதில்: வந்த கேள்விகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான் தம்பி. உங்களிடம் எல்லாம் இருக்கிறது: சாமை வயல், பலா, தேன், புளி, காவலூர் வானம். உசாம்பராவில் பார்த்த மூன்று விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

நடத்துகிறவர்கள் ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு ஆள் வந்து ஆட்களை ஏற்றி இறக்கினால் அது உங்கள் ஊர் வழியாகப் போகும் வண்டி, அவ்வளவுதான். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசுங்கள், எந்தப் பாதையில் வெளியாள் போகலாம், எந்தக் கோயில் பக்கம் போகக் கூடாது என்பதை அவர்கள் சொல்லட்டும். மேலிருந்து திணித்தது நிற்காது. உசாம்பராவிலேயே 1940-களின் கடைசியில் வெள்ளைக்கார அரசு மண் அரிப்பைத் தடுக்கிறோம் என்று சரிவுகளில் வரப்பு வெட்டச் சொல்லி மக்களைக் கட்டாயப்படுத்தியது. நோக்கம் தவறில்லை. ஆனால் பயிரிடுகிறவர்களை யாரும் கேட்கவில்லை, பாரம் முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்தது, எதிர்ப்பு கிளம்பி 1950-களின் கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். அங்கே சரிவுகளைக் காட்டி எங்கள் வழிகாட்டி இதைச் சொன்னார்.

அடுத்தது அனுமதி. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்துபோனதை மறந்துவிடக் கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு ஆளைக்கூடக் காட்டுப் பாதையில் கூட்டிப் போகாதீர்கள், கோடையில் வேண்டவே வேண்டாம். 2024-இல் தமிழக அரசே 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைக்கிறார்கள். முதலில் ரேஞ்சர் அலுவலகத்தில் போய் அதைப் பற்றி விசாரியுங்கள்.

மூன்றாவது, வீடு. இரண்டு வீடு போதும், நாலு விருந்தாளி போதும். சாமைச் சோறும் கீரையும் என்ன உண்டோ அதைப் போடுங்கள், அவர்களுக்காகப் பரோட்டா போடாதீர்கள். கழிவறை சுத்தமாக இருக்கட்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கட்டும். சமைக்கிற அம்மாவின் கையில் அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பாதை முடிவானதும் எழுதுங்கள். முதல் நடைக்கு நான் வருகிறேன், தை மாதம் என்றால் எனக்கு வசதி.